பாலத்தில் இறந்த பென்சிகர்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தாணுமாலயன் காவல் நிலையத்துக்குப் போய், தான் ஒரு கொலை செய்துவிட்டதாகச் சொன்னார்.

குடிநீர் வாரியத்தில் கண்காணிப்பாளர். ஐம்பத்தைந்து வயது. சட்டைப் பையில் இரண்டு பேனா. இந்த வகை மனிதர்கள் காவல் நிலையத்துக்கு வந்தால் தொலைந்துபோன அடையாள அட்டைக்காகத்தான் வருவார்கள் என்பதால், எஸ்.ஐ. அமலா நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, நிதானமாகவே கேட்டார்.

“யாரைக் கொன்னீங்க சார்?”

“பென்சிகரை. சூசைமரியான் மகன். என்கூடப் படிச்சவன்.”

“எப்ப?”

“ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி நாப்பத்தி நாலு, ஜூன் மாசம்.”

எஸ்.ஐ. எழுதுவதை நிறுத்தினார். சுவரில் தொங்கிய நாட்காட்டி 2041 என்றது. அதை ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டார்.

“எங்க வச்சு?”

“பிரான்ஸ்ல. ஒரு கல்லுப் பாலம்.”

“அது நம்ம ஸ்டேஷன் லிமிட்ல வராதே சார்.”

குழப்பம் கழுத்து வரைக்கும் வந்துவிட்டால் கைக்கெட்டிய விதி ஒன்றைப் பிடித்துக்கொண்டு மிதப்பது அரசு ஊழியர்களின் நீச்சல் முறை. தாணுவும் அரசு ஊழியர் என்பதால் அந்தக் கேள்வியை எதிர்பார்த்தே வந்திருந்தார்.

“இடம் வெளியதாம்மா. ஆனா செத்தவன் நம்ம ஊர்க்காரன்லா.”

செத்தவருடைய தொலைபேசி எண் தாணுவிடம் இருந்தது. எஸ்.ஐ. கூப்பிட்டார். செத்தவர் எடுத்தார். இருபது நிமிடத்தில் பிணம் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தது, கால்களுக்கு நடுவே ஒரு மின்விசிறிப் பெட்டியுடன். பென்சிகர் மின்சாமான் கடை வைத்திருக்கிறார்.

தாணு எழுந்துபோய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். “மன்னிச்சிரு மக்கா.”

“எதுக்குடே?”

“உன்னைச் சுட்டதுக்கு.”

பென்சிகர் தன் சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். “சரி, மன்னிச்சாச்சு. கடைல ஆளு இல்ல கேட்டியா, நான் போகட்டா?”

தாணு அழுகையை நிறுத்தி, நண்பரின் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். “நீ சொன்னா சரியாகாதுடே. நீதான் சாகலியே.”

“ஒண்ணு பிணம் வேணும் சார்,” என்றார் எஸ்.ஐ., பேனாவை மூடியபடி. “இல்லன்னா காணாமப் போன ஆளாவது வேணும். ரெண்டும் இல்லாம நான் எதை வச்சு கேசு போடட்டும்?”

இவ்வளவுக்கும் காரணம் ஒரு பிறந்தநாள் பரிசு.

நாகர்கோவிலில் ‘வீரம் நினைவாக்க நிலையம்’ திறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதன் இயக்குநர் டாக்டர் இரத்தினசபாபதி மருத்துவர் இல்லை. எதில் டாக்டர் என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொல்லாமல் புன்னகைப்பார். கழுத்தில் ராணுவப் பச்சையில் டை. ‘நீங்கள் ஆடியது ஆட்டமல்ல, வாழாமல் விட்ட வாழ்க்கை’ என்பது நிலையத்தின் வாசகம். வாசலில் காவலுக்கு நிற்பவர் நிஜமாகவே பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தவர். போரில் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால் மண்ணெண்ணெய் வாசனையும் லீவுக்குக் காத்திருந்ததும் என்பார். உள்ளே போய்விட்டு வந்தவர்கள் அவரைச் சற்றே இளக்காரமாகப் பார்த்துக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு அதைவிட நிறைய ஞாபகம் இருந்தது.

நுட்பம் எளிது. முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் பிரவுசிங் சென்டர்களில் பையன்கள் கூட்டமாக ஆடிய போர் விளையாட்டுகள், யார் எங்கே நடந்தார்கள், எப்போது சுட்டார்கள் என்பதையெல்லாம் சிறு கோப்பாகப் பதிந்து வைத்தன. நிலையத்தார் பழைய ஹார்ட் டிஸ்குகளைத் தேடி அந்தக் கோப்புகளை எடுப்பார்கள். தலையில் ஒரு கவசத்தை மாட்டுவார்கள். ஊர்க்காரர்கள் அதைச் சட்டி என்பார்கள். நாற்பது நிமிட ஆட்டம் தலைக்குள் பதினோரு நாள் போராக விரியும். நடுவில் இல்லாத மழை, பசி, காலில் கொப்புளம், பேச்சு எல்லாவற்றையும் இயந்திரமே நிரப்பும். எழுந்து வரும்போது அது பார்த்த படமாக இருக்காது. போய் வந்த ஊராக இருக்கும்.

யார் போவார்கள் இதற்கு என்று கேட்பவர்கள் ஐம்பது வயது ஆண்களோடு பழகாதவர்கள். அலுவலகத்தில் எதிரி யாரென்று தெரியாது. காலையில் தோளில் கை போட்டவனே மாலையில் மேலிடத்துக்கு மொட்டைக் கடிதம் எழுதுவான். அந்த விளையாட்டில் எதிரி சாம்பல் நிறக் கோட்டு போட்டுக்கொண்டு, தனக்கான பாஷையில் கத்திக்கொண்டு, நேராக ஓடிவந்தான். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் “இதைக்கூட நான் சொல்லணுமா?” என்பார்கள். அங்கே திரையின் மேல் மூலையில் எழுதியே போட்டிருந்தது: பாலத்தைக் காப்பாற்று. அடிபட்டால் மூலையில் சிவப்புச் சிலுவை போட்ட பெட்டி இருக்கும், அதன்மேல் நடந்தால் போதும். இவ்வளவு ஒழுங்கான ஓர் உலகத்தை ஒரு ஆண்மகன் உலகப் போரில்தான் கண்டான் என்பது வெட்கப்பட வேண்டிய செய்தி. ஆனால் செய்திதான்.

தாணுவின் மனைவி பகவதி அவருக்கு அதைப் பரிசளித்தார். ஐம்பத்தைந்தாவது பிறந்தநாள். மனிதர் கொஞ்சம் உற்சாகமாக இருக்கட்டும் என்று நினைத்தார். வந்த அன்றைக்கு அவர் உற்சாகமாகத்தான் இருந்தார். நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். மூன்றாம் நாள் சாப்பாட்டில் கை வைத்தவர் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றிலிருந்து வலது கையால் சாப்பிடவில்லை.

மகள் மாதங்கிக்கு ஒன்பது நாளில் கல்யாணம். அதுதான் வினை.

“கொலை செஞ்ச கையால தாரை வார்த்துக் குடுக்க மாட்டேன்,” என்றார் தாணு. “அண்ணன் வாக்கட்டும்.”

“பெத்த அப்பன் கல்லுமாதிரி முன்வரிசைல உக்காந்திருக்க, பெரியப்பா தண்ணி ஊத்தினா மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்ன கேப்பான்?” என்றார் பகவதி. “நான் என்ன சொல்லட்டும்? வெள்ளக்காரன் சண்டையில ஆளைக் கொன்னுட்டாருன்னா?”

“வெளையாட்டுன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைக்க? தெரியும். கைக்குத் தெரியல்ல.”

அப்பா வார்க்காவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று மாதங்கி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வீட்டில் சரியாகப் புரிந்துகொண்டு அழுதவர் யாருமில்லை. ஆளுக்கொரு காரணத்துக்கு அழுதார்கள்.

காவல் நிலையத்தில் வழக்குப் பதிய மறுத்த மறுநாள், பகவதி கணவரையும் பென்சிகரையும் இழுத்துக்கொண்டு நினைவாக்க நிலையத்துக்குப் போனார். இரத்தினசபாபதி மேசைக்குப் பின்னால் எழுந்து நின்று மேடைத் தமிழில் வரவேற்றார்.

“வருக. வீரத்தின் விலை வேதனை என்பதை உணர்ந்த உங்கள் கணவர் உண்மையில் எங்கள் சாதனை—”

“அவரு ராத்திரி ஒறங்கி பன்னெண்டு நாளாச்சு,” என்றார் பகவதி. “போட்டதை எடுங்க.”

இயக்குநர் உட்கார்ந்தார். பதில் சொல்லும் பொறுப்பு, தெரிந்தவரிடம் போயிற்று. ஹெப்சிபா என்ற தொழில்நுட்பப் பெண். முப்பது வயது இருக்கும். கோப்புகளைச் சரிபார்த்துச் சட்டியை இயக்குவது அவள்தான்.

“கலந்த காப்பியிலேருந்து சீனிய எடுக்க முடியுமாக்கா? இவரு பழைய ஞாபகத்தோட ஒட்டித்தான் இது கெடக்கு. உரிச்சா அதுவும் சேந்து வரும். எது எது வரும்னு எங்களுக்குச் சொல்லத் தெரியாது.”

“சரிம்மா, நான் எப்படி அதுக்குள்ள வந்தேன்?” என்றார் பென்சிகர். “நான் அந்த கேமை ஒருநாள்கூட ஆடினதில்லையே. ஞாயித்துக்கிழமை காலம்பற இவனுக ஆடுவானுக. எனக்குக் கோயில்ல பாட்டுக் குழு. ஒம்பது மணிப் பூசை, அது முடிஞ்சா மறைக்கல்வி. பன்னெண்டு மணிக்கு நான் ஓடி வாரதுக்குள்ள இவனுக பஜ்ஜி தின்னுக்கிட்டிருப்பானுக.”

தாணு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நாலு பேரு வேணும். மூணு பேருதான் இருப்போம். உன் எடத்தை வேற எவனுக்கும் குடுக்கக் கூடாதுன்னு பாட் போடுவோம்.”

“பாட்டுன்னா?”

“ஆளில்லாத எடத்துல கம்ப்யூட்டரே ஆட்டுத ஆளு. அதுக்கு உன் பேரை வைப்போம். ஒரு மரியாதைக்கு.”

பென்சிகருக்கு அது புதுச் செய்தி. முகத்தில் கொஞ்சம் சந்தோஷம்கூடத் தெரிந்தது. “எனக்கு எடம் போட்டு வச்சிருந்தீங்களாலே?”

“வாரா வாரம்.”

“அப்புறம் ஏம்லே சுட்டே?”

ஹெப்சிபா கோப்பைப் பார்த்துச் சொன்னாள். “பாலத்துல ஒரு தூரத் துப்பாக்கி கெடக்கும் சார். எப்பவும் பாட்தான் முதல்ல போயி எடுத்துக்கும். எடுத்துட்டுச் சும்மா நிக்கும், சுடத் தெரியாது. நம்ம ஆளு கையிலேருந்து புடுங்க முடியாது. அவன் செத்தா கீழ விழும், அப்பதான் எடுக்கலாம். இந்தக் காலத்து கேம்ல கேட்டு வாங்கலாம். பழசுல கிடையாது.”

“அதனால?”

“பென்சியைப் போட்டுட்டு எடுலேன்னு சொல்லிச் சிரிப்போம்,” என்றார் தாணு. “வாரா வாரம் சிரிப்போம்.”

மெஷினுக்குப் பாட் எது, ஆள் எது என்று தெரியாது என்பதை ஹெப்சிபா விளக்கினாள். பேர் இருந்தால் ஆள். ஆள் என்றால் முகம் வேண்டும். அந்த முகத்தைத் தாணுவின் தலைக்குள்ளிருந்தே எடுத்துக்கொண்டது. பதினோரு நாளும் கூடவே நடத்தியது. ரொட்டியைப் பங்கு வைத்தது. கடைசி நாள், கோப்பில் உள்ளபடி, சுடவைத்தது.

“என் மூஞ்சிய என்னைக் கேக்காமலா?” என்றார் பென்சிகர்.

“ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவு—” என்று ஆரம்பித்த இயக்குநர், பகவதியின் பார்வையைப் பார்த்து அதைப் பதினான்கிலேயே விட்டுவிட்டார்.

“நான்தான் மன்னிச்சாச்சுன்னு சொன்னேனேடே,” என்றார் பென்சிகர் தாணுவிடம். “இன்னொருக்கா சொல்லட்டா? மன்னிச்சேன். போதுமா? பிள்ளை கல்யாணத்தைப் பாரு.”

“நீ நல்லவன். நீ சொல்லுவ. சுடப்பட்டவன் சொல்லணும்லா.”

பிறகு ஹெப்சிபா, சொல்லலாமா என்ற தயக்கத்தோடு, “அதே கோப்பைப் பாட் பக்கத்துலேருந்தும் ஏத்தலாம்,” என்றாள். “தாணு சாருக்கு நடந்ததை, சுடப்பட்டவர் பக்கத்துலேருந்து பென்சிகர் சார் தலைக்குள்ள. ஆனா செய்யாண்டாம்னுதான் நான் சொல்லுவேன்.”

இயக்குநர் எழுந்துவிட்டார். “இறந்த தரப்பின் நினைவாக்கம். உலகில் எவரும் முயலாதது—”

“சார், செத்ததும் சேந்துதான் ஏறும்,” என்றாள் ஹெப்சிபா, பென்சிகரை மட்டும் பார்த்து.

பகவதி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று வாயை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தார். பென்சிகர் அதைப் பார்த்தார். மாதங்கிக்குப் பெயர் வைத்த அன்று தொட்டிலுக்கு விளக்குச் சரம் கட்டியவர் அவர். ஆனால் அது மட்டும் காரணமில்லை என்பதைப் பிறகு ஹெப்சிபாவிடம் அவரே சொன்னார், சட்டியை மாட்டும்போது.

“எத்தனை ஞாயித்துக்கிழமை இவனுக என்ன செய்தானுகன்னு தெரியாம பாட்டுப் பாடிக்கிட்டு நின்னிருக்கேன், தெரியுமா? நானும் ஒருநாள் போயிட்டு வாரேனே.”

நாற்பது நிமிடம் கழித்துக் கவசத்தைக் கழற்றினார்கள். பென்சிகர் நாற்காலியிலேயே இருந்தார். தண்ணீர் கேட்கவில்லை. தாணு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“மழையாக்கும்,” என்றார் பென்சிகர்.

“ஆமா. விடாத மழை.”

“உனக்குச் சளி. என் கம்பளிய உனக்குத் தந்தேன்.”

“மூணாம் நாளு.”

“நாலாம் நாளுடே. மூணாம் நாளு நாம அந்த மாட்டுக் கொட்டகைல கெடந்தோம்.”

“ஆமா, ஆமா. நாலாம் நாளு.”

நடக்காத ஒன்றின் தேதியை இரண்டு பேர் இவ்வளவு அக்கறையாகச் சரிபார்த்துக்கொண்டிருப்பதைப் பகவதியும் ஹெப்சிபாவும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைப் பிடித்து உலுக்குவதா, வெளியே போய்க் கதவைச் சாத்துவதா என்று தெரியவில்லை. இயக்குநர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

“பாதி நேரம் நான் உன் பொறத்தாலதான் நடந்தேன்,” என்றார் பென்சிகர். “வேற எங்கயும் போகணும்னே தோணல்ல. நீ நின்னா நான் நின்னேன். அதுல ஒரு இது இருந்துது மக்கா. நீ பாத்துக்கிடுவேன்னு.”

தாணு தலையைக் குனிந்துகொண்டார்.

“பாலத்துல நீ திரும்பினே. பசிக்கான்னு நீ கேக்கப் போறேன்னு நினைச்சேன்.”

“மக்கா—”

“கேக்கதுக்குப் பதில் சொல்லு. அந்தத் துப்பாக்கிய வச்சு அப்புறம் என்ன செய்தே?”

“ஒண்ணும் செய்யல்ல. எடுத்துத் தோள்ல மாட்டினேன். நேரம் முடிஞ்சு போச்சு.”

“ஒரு வெடிகூட வைக்கல்லியா?”

“இல்ல.”

பென்சிகர் அதற்குப் பிறகு பேசவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. ஐந்து ஆயிற்று. இயக்குநர் தொண்டையைச் செருமினார், ஹெப்சிபா அவரை வெளியே அனுப்பினாள். காவல் நிலையத்தில் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்தபடி ஒரே மூச்சில் மன்னித்த மனிதர், இப்போது தன் கைரேகைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பகவதி சாமியைக் கும்பிட நினைத்து, எந்தச் சாமியிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார். பதினோரு நிமிடம் என்று ஹெப்சிபாவின் திரை காட்டியது.

“சரிலே,” என்றார் பென்சிகர். “மன்னிச்சேன். போயி பிள்ளைக்குத் தாரை வார்த்துக் குடு.”

தாணு நிமிர்ந்தார். அந்தப் பதினோரு நிமிடத்தைத்தான் அவர் நம்பினார். அவ்வளவு கஷ்டப்பட்டு ஒருவன் பொய் சொல்வானா? வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் பகவதியின் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டார். வீடு வந்து எழுப்பியதும் சோறு கேட்டார். வலது கையால் பிசைந்து சாப்பிட்டார். பகவதி அடுக்களைக்குள் போய் நின்று, நிம்மதியாக, முதல்முறையாகச் சரியான காரணத்துக்கு அழுதார்.

பென்சிகர் ஸ்கூட்டரை நிலையத்திலேயே விட்டுவிட்டு நடந்து போனதாக வாசல் காவல்காரர் சொன்னார்.

‘இரு தரப்புக்கும் வெற்றி’ என்று இரத்தினசபாபதி தன் கோப்பில் எழுதி, அடுத்த துண்டறிக்கைக்கு வாசகம் யோசிக்க ஆரம்பித்தார். ஹெப்சிபா இரண்டு முறை பென்சிகரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். “கடைல இருக்கேன் மக்களே, நல்லா இருக்கேன்,” என்றார். பின்னால் வாடிக்கையாளர் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தாணு பட்டு வேட்டியில், செம்பைப் பிடித்துக்கொண்டு, அதே வலது கையால் நீரை வார்த்தார். மாதங்கி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எதையும் கேட்கவில்லை. கேட்பதற்கு எதுவும் இல்லாத ஒரு கல்யாணம் அமைவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களுக்குத் தெரியாது.

பென்சிகர் நேரத்துக்கு வந்திருந்தார். மொய் எழுதினார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆசீர்வதித்தார். பகவதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இல்லன்னா இது நடந்திருக்காதுண்ணே,” என்றார். “அதுக்கென்ன,” என்றார் அவர். முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. கொஞ்சம் மெலிந்திருந்தார், அவ்வளவுதான்.

பந்திக்கு முன் குடும்பப் படம் எடுத்தார்கள். பென்சிகர் விலகிப் போகப் பார்த்தார். தாணு விடவில்லை. தோளில் கை போட்டு மேடைக்கு இழுத்து வந்தார். இடநெருக்கடியில் தாணு முன்னாலும் பென்சிகர் அவருக்கு நேர் பின்னாலுமாக நிற்க வேண்டி வந்தது. படக்காரர் எல்லோரையும் தன் பக்கம் பார்க்கச் சொல்லி, மூன்று எண்ணினார். அந்தச் சமயம் பார்த்துத் தாணுவுக்கு, நண்பன் சாப்பிடாமல் நழுவிவிடுவான் என்று ஞாபகம் வந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், அடைப்பிரதமன் பாயசம் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்வதற்காகத் திரும்பினார்.

படம் பதிவாகிவிட்டது. இன்னொன்று எடுக்கலாம் என்றார் படக்காரர். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் பந்திக்கு நகர்ந்துவிட்டார்கள். அதனால் ஆல்பத்தில் அதுதான் இருக்கிறது. எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தாணு மட்டும் பாதி திரும்பி, ஏதோ சொல்ல வாயைத் திறந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் பென்சிகர் கண்களை இறுக மூடிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் மார்புக்கு முன்னால் விரித்துப் பிடித்தபடி நிற்கிறார்.